நாளுக்கு நாள் புதிதாக்கப்பட்ட வாழ்வு
பண்டித ரமாபாய் அம்மையார் (1858–1922)

சமஸ்கிருத சாஸ்திரங்களில் தேர்ந்த பண்டிதை, இருபத்து நான்கு வயது நிறைவதற்குள் கணவரை இழந்த விதவை, பெண்களுக்காகக் குரல் கொடுத்த சீர்திருத்தவாதி, பஞ்சத்தில் அலைந்த ஏறத்தாழ 2,000 பேருக்குத் தாய், மராத்தி வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர். இத்தனையும் ஒரே பெண்மணியின் வாழ்வில் அடங்கியவை. பண்டித ரமாபாய் அம்மையாரின் வரலாற்றை வாசிப்போர் பெரும்பாலும் அவருடைய சாதனைகளையே எண்ணி வியக்கின்றனர். ஆனால் அச்சாதனைகளுக்கு வேராக இருந்தது வேறொன்று. சத்தியத்தின் புதிய வெளிச்சம் கிடைத்த போதெல்லாம், அதுவரை தாம் நின்ற இடத்தை விட்டு எழுந்து அதன் பின்னே செல்ல அவர் ஆயத்தமாயிருந்தார். தேவன் அவரை ஒரே நாளில் மாற்றிவிடவில்லை. படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஏதேனும் ஒன்றை இழக்கச் செய்து, புதுப்பித்துக்கொண்டே வந்தார்.

காட்டில் தொடங்கிய கல்வி

ரமாபாயின் தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, சித்பாவன பிராமண குலத்தைச் சேர்ந்த பெரும் வேதவிற்பன்னர். இளமையில் புனேயில் பயின்றபோது, தம் குருவானவர் பேஷ்வாவின் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பிப்பதைக் கண்டார். பெண்ணும் இம்மொழியைக் கற்க இயலும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. தம் இரண்டாம் மனைவி லட்சுமிபாய்க்கு அவரே ஆசிரியரானார். சமூகம் இதைப் பொறுக்கவில்லை. தம் செயல் சாஸ்திர விரோதமானதன்று என்று உடுப்பியில் மதத் தலைவர்கள் முன்னிலையில் அவர் வாதிட்டு நிறுவ வேண்டியதாயிற்று. பின்னர் மேற்குத் தொடர்ச்சி மலையில் துங்கை நதி பிறக்கும் கங்காமூலா என்னும் காட்டிடத்திற்கு மனைவியோடு சென்று குடியேறினார். அங்கே 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி ரமாபாய் பிறந்தார்.

வந்தோர்க்கெல்லாம் விருந்தளித்த அக்குடும்பத்தின் செல்வம் விரைவில் கரைந்தது. குழந்தை ஆறு மாதமாயிருக்கையில், அதைக் கூடையில் வைத்துச் சுமந்துகொண்டு குடும்பம் புறப்பட்டது. அதன்பின் அவர்களுக்கு நிலையான இல்லம் கிடையாது. புண்ணியத் தலங்கள்தோறும் சென்று புராணம் வாசித்து, கேட்போர் அளிக்கும் காணிக்கையால் வாழ்ந்தனர். அப்பயணங்களினூடே தாயாரிடம் பாடங்கேட்ட ரமாபாய், பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்களையும் மனனம் செய்தார்.

ரமாபாய்க்கு ஏறத்தாழ 16 வயதானபோது பஞ்சமும் பசியும் அக்குடும்பத்தைச் சூறையாடின. கையில் இருந்த பொருளெல்லாம் தீர்த்தங்களிலும் தானங்களிலும் தீர்ந்துபோயிருந்தது. கூலி வேலை செய்யக் குலப்பெருமை இடந்தரவில்லை. பிச்சையெடுக்கவும் நாணம் தடுத்தது. முதலில் தந்தையார் மறைந்தார். சில வாரங்களில் தாயாரும் மறைந்தார். தாயின் உடலைச் சுமக்கப் போதிய ஆட்கள் வரவில்லை. இரக்கமுள்ள இருவர் முன்வர, அவர்களோடும் தமையனோடும் சேர்ந்து ரமாபாயும் பாடையைத் தாங்கினார். உயரம் குறைந்தவராதலால் அவர் அதைத் தலையில் சுமக்க நேர்ந்தது. பின்னர் மூத்த சகோதரியும் மரித்தார். எஞ்சியவர் ரமாபாயும் தமையன் சீனிவாசரும் மட்டுமே.

இருவரும் நாட்டின் தெற்கிலிருந்து வடக்கே காஷ்மீரம் வரை ஆயிரக்கணக்கான மைல்கள் கால்நடையாகவே நடந்தனர். ஜீலம் நதிக்கரையில் ஓர் இரவு குளிர் தாங்காமல், மணலில் கல்லறை போன்ற இரு குழிகளைத் தோண்டி, தலையை மட்டும் வெளியே வைத்து உடலை மணலால் மூடிக்கொண்டு படுத்தனர். விரதங்களில் ஒன்றையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. நதிகளில் மூழ்கினர், விக்கிரகங்களை வலம் வந்தனர். ஆயினும் சாஸ்திரங்கள் வாக்களித்த பலன் கைகூடவில்லை. முன்னோரின் நம்பிக்கையில் முதல் ஐயம் அந்த நெடும்பாதையில்தான் முளைத்தது.

புகழும் வெறுமையும்

1878ஆம் ஆண்டு இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். இருபது வயதுப் பெண்ணொருத்தி சமஸ்கிருதத்தில் சரளமாக உரையாடுவதைக் கண்ட அந்நகரத்து அறிஞர்கள் வியந்தனர். அவரைச் சோதித்தறிந்து பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் வழங்கினர். பெண்களுக்குரிய தர்மத்தைக் குறித்து உரையாற்றும்படி அவரை வேண்டினர். அதற்காகத் தர்ம சாஸ்திரங்களை ஆராய்ந்தபோதுதான் அவருக்குப் பெரும் அதிர்ச்சி காத்திருந்தது. பல பொருள்களில் ஒன்றுக்கொன்று முரண்பட்ட அந்நூல்கள், பெண்ணைத் தாழ்வாக மதிப்பதில் மட்டும் ஒத்திருந்ததாக அவர் கண்டார். தமக்கு மாலை சூட்டியவர்களின் நூல்களில் தமக்கு இடமில்லை என்ற உணர்வு அவரை வாட்டியது.

கல்கத்தாவிலேயே ஒருமுறை கிறிஸ்தவர்களின் கூடுகை ஒன்றிற்கும் அவர் அழைக்கப்பட்டார். அங்கிருந்தோர் நாற்காலிகளுக்கு முன் முழங்காற்படியிட்டு ஜெபித்ததைக் கண்டு, இவர்கள் நாற்காலிகளை வணங்குகிறார்களோ என்று எண்ணினாராம். அங்கே அவருக்குச் சமஸ்கிருத வேதாகமம் ஒன்று அளிக்கப்பட்டது. அதன் நடையும் பொருளும் அவருக்கு அப்போது விளங்கவில்லை. விதை விழுந்தது, முளைக்க நெடுநாள் ஆயிற்று.

1880ஆம் ஆண்டு தமையனும் மறைந்தார். அதே ஆண்டில் விபின் பிகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை ரமாபாய் மணந்தார். அவர் பிராமணரல்லாதவர். மதச்சடங்கின்றிப் பதிவுத் திருமணமாக நடந்த அது, அக்காலத்தில் இரு தரப்பாரின் உறவையும் அறுக்கப் போதுமானதாயிருந்தது. அசாமின் சில்சாரில் கணவரின் நூலகத்தில் வங்காள மொழி லூக்கா சுவிசேஷம் ஒன்று அவர் கைக்கு அகப்பட்டது. ஐசக் ஆலன் என்னும் பாப்டிஸ்டு மிஷனெரி ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை அவருக்கு விளக்கினார். அதைக் கேட்டு ரமாபாயின் உள்ளம் அசைந்தது. ஆனால் 1882 பிப்ரவரியில் கணவர் காலராவால் மாண்டார். மணவாழ்வு இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. கையில் பத்து மாதக் குழந்தை மனோரமா. இந்தியச் சமூகத்தில் விதவை என்னும் சொல்லின் முழுப் பாரமும் இப்போது அவர்மேல் இறங்கியது.

சமாரியப் பெண்ணின் கிணற்றருகே

ரமாபாய் புனேக்குத் திரும்பினார். அங்கே 1882ஆம் ஆண்டு ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். கல்வி நிலையை ஆராய அரசு அமைத்த ஹண்டர் குழுவின் முன் சாட்சியம் அளித்து, பெண் ஆசிரியர்களும் பெண் மருத்துவர்களும் நாட்டிற்கு எத்துணை இன்றியமையாதவர் என்பதை எடுத்துரைத்தார். மருத்துவம் பயிலும் ஆவலோடு 1883ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். தாம் எழுதிய ஸ்திரீ தர்ம நீதி என்னும் நூலின் விற்பனைப் பணம் பயணச் செலவுக்கு உதவியது. செவிப்புலன் குறைந்துவந்தமையால் மருத்துவராகும் எண்ணம் பின்னர் கைகூடாமற்போயிற்று.

வான்டேஜ் என்னும் ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் அவர் தங்கினார். மதம் மாறும் நோக்கம் தமக்கு இல்லை என்பதை முன்னரே தெளிவாகச் சொல்லியிருந்தார். ஒருநாள் லண்டனை அடுத்த ஃபுல்ஹாமில் அச்சகோதரிகள் நடத்திவந்த இல்லத்தைப் பார்க்கச் சென்றார். சமூகம் கெட்டவர்கள் என்று தள்ளிவிட்ட பெண்களை அச்சகோதரிகள் அங்கே அன்போடு பராமரித்தனர். அப்பெண்களிற் சிலர் மனந்திரும்பி, தம்மைப் போன்ற மற்றப் பெண்களுக்குப் பணிவிடை செய்வதையும் கண்டார். விழுந்தவளைத் தண்டிப்பதையே அறிந்திருந்த அவருக்கு, விழுந்தவளைத் தூக்கிவிடும் இவ்வன்பு எங்கிருந்து வருகிறது என்பது பெருங்கேள்வியாயிற்று. சகோதரி ஒருவர் யோவான் சுவிசேஷத்தின் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து, கிணற்றருகே சமாரியப் பெண்ணோடு இயேசு நடத்திய உரையாடலை விளக்கினார். ஒதுக்கப்பட்டவளிடம் தாமே சென்று தண்ணீர் கேட்டு, அவளுக்கு ஜீவத்தண்ணீரைக் கொடுத்த இரட்சகரை ரமாபாய் அன்று கண்டார். தாம் படித்த நூல்களில் எங்கும் காணாத ஒருவர் அவர்.

நெகேமியா கோரே என்னும் மராத்திய குருவானவரின் எழுத்துக்களும் அவருடைய ஐயங்களைத் தீர்க்க உதவின. இதனிடையே உடன் வந்திருந்த தோழி ஆனந்திபாய் பகத் மனங்கலங்கித் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பேரிடியையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. 1883ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி வான்டேஜில் ரமாபாயும் மகள் மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றனர்.

ஞானஸ்நானம் அவருடைய சிந்தனையின் சுயாதீனத்தைப் பறிக்கவில்லை. மரக்கறி உணவையும் இந்திய உடையையும் அவர் விடவில்லை. விளங்காத கோட்பாடுகளைக் குறித்துத் தம் ஞானத்தாயாகிய சகோதரி ஜெரால்டினிடமும் கற்றறிந்த குருமாரிடமும் துணிவோடு கேள்விகள் எழுப்பினார். கிறிஸ்துவைப் பின்பற்ற ஐரோப்பியராக வேண்டிய அவசியமில்லை என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

சாரதா சதனம்

1886ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவிற்குச் சென்றார். பிலடெல்பியாவில் ஆனந்திபாய் ஜோஷி மருத்துவப் பட்டம் பெறும் விழாவில் கலந்துகொள்வது அப்பயணத்தின் முதல் நோக்கம். அங்கே தங்கிக் குழந்தைக் கல்வி முறையைக் கற்றார். 1887ஆம் ஆண்டு உயர்குல இந்துப் பெண் என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். குழந்தை மணத்தாலும் விதவைக் கோலத்தாலும் நசுங்கிய இந்தியச் சிறுமியரின் நிலை அந்நூலின் வாயிலாக உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் அமைந்தது. பத்து ஆண்டுகளுக்கு அவருடைய பள்ளியை ஆதரிப்பதாக அச்சங்கத்தார் பொறுப்பேற்றனர்.

1889ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி பம்பாயில் சாரதா சதனம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது புனேக்கு மாறியது. முதல் மாணவியருள் கோதுபாய் என்னும் இளம் விதவையும் ஒருவர். பிற்காலத்தில் விதவைகளின் கல்விக்காகப் பெரும்பணி ஆற்றிய தோண்டோ கேசவ கார்வே 1893ஆம் ஆண்டு மணந்துகொண்டது இவரையே. சதனத்தில் எந்த மதமும் வற்புறுத்தப்படாது என்பது விதி. இந்து மாணவியர் தங்கள் ஆசாரப்படி உண்ணவும் வழிபடவும் இடமிருந்தது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் கண்ட இரட்சகர்

வெளிப்பார்வைக்கு எல்லாம் செழித்தது. ஆனால் ரமாபாயின் உள்ளத்தில் அமைதி இல்லை. ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஜெபித்தார், வேதம் வாசித்தார், பிறருக்காக உழைத்தார். கோட்பாடுகளை ஆராய்ந்து ஏற்றிருந்தார். எனினும் பாவத்தின் பாரம் நீங்கவில்லை. சபைப் பிரிவுகளின் பலவகைப் போதனைகள் அவரை மேலும் குழப்பின.

1891ஆம் ஆண்டளவில் வில்லியம் ஹாஸ்லம் என்னும் ஆங்கிலக் குருவானவரின் தன்வரலாறு அவர் கைக்கு வந்தது. குருப்பட்டம் பெற்று ஆண்டுகள் பல ஊழியம் செய்த ஹாஸ்லம், 1851ஆம் ஆண்டு தம் சொந்தப் பிரசங்கபீடத்தில் பிரசங்கித்துக்கொண்டிருக்கையிலேயே மனமாற்றம் அடைந்தவர். அந்நூலை வாசித்த ரமாபாய் அதில் தம்மையே கண்டார். தாம் கிறிஸ்தவ மதத்தைக் கண்டடைந்திருந்தும், அம்மதத்தின் உயிராகிய கிறிஸ்துவைத் தம் சொந்த இரட்சகராக இன்னும் கண்டடையவில்லை என்பது அவருக்கு விளங்கிற்று. இதுவரை நம்பியிருந்தது ஞானஸ்நானத்தையும் நற்செயல்களையுமே. இனி ஒரே ஒரு வழிதான் இருந்தது. பண்டிதை என்ற பட்டத்தையும், சீர்திருத்தவாதி என்ற புகழையும், ஊழியக்காரி என்ற பெயரையும் பாதத்தில் வைத்துவிட்டு, ஒன்றுமில்லாத பாவியாகக் கிறிஸ்துவிடம் வருவதே அது. அவ்வாறே அவர் வந்தார். நெடுநாள் தேடிய சமாதானம் அன்று அவருக்குக் கிடைத்தது.

இந்திய விதவையரின் பொருட்டு உலகமே பாராட்டிய ஒருவர், தமக்கு இன்னும் இரட்சிப்பின் நிச்சயம் இல்லை என்று தம்மிடமே ஒப்புக்கொள்வது எளிதன்று. மதத்தை மாற்றிக்கொண்டபோது உறவினரின் நிந்தையைத் தாங்கினார். இப்போது தம் சுயநீதியையே இழக்க வேண்டியிருந்தது. முதலாவதைவிட இரண்டாவது கடினமான மாற்றம்.

உள்ளத்தில் பற்றிய ஒளியை அவரால் மறைக்க இயலவில்லை. மகளோடு அவர் ஜெபிக்கும் அறையின் கதவு திறந்தே இருந்தது. யாரையும் அவர் அழைக்கவில்லை, வந்தமர்ந்தவர்களைத் தடுக்கவுமில்லை. மாணவியர் சிலர் அந்த ஜெபத்தில் அமரத் தொடங்கினர். புனேயில் புயல் கிளம்பியது. பாலகங்காதர திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகச் சாடியது. 1893ஆம் ஆண்டு ரானடே, பண்டார்கர் போன்ற மதிப்புக்குரிய ஆலோசகர்கள் விலகினர். பெற்றோரும் காப்பாளரும் இருபதுக்கும் மேற்பட்ட மாணவியரை அழைத்துச் சென்றனர். நேற்றுவரை துணைநின்ற நண்பர்கள் அகன்றபோதும் ரமாபாய் அவர்களைப் பகைக்கவில்லை. தம் கதவை அடைக்கவுமில்லை.

பஞ்சம் திறந்த வாசல்

இக்காலத்தில் ஜார்ஜ் முல்லர், ஹட்சன் டெய்லர், ஜான் பேட்டன் ஆகியோரின் வரலாறுகளை அவர் வாசித்தார். மனிதரின் வாக்குறுதியைச் சாராமல் தேவனை மட்டுமே சார்ந்து ஊழியம் செய்த அவர்களைப் போல இந்தியாவிலும் ஒருவர் வாழ இயலாதா என்று எண்ணினார். தம் மாணவியருள் பதினைந்து பேர் கர்த்தரை அறிந்தபோது, அவ்வெண்ணைப் பதினைந்தால் பெருக்கி 225 பேரைத் தரும்படி துணிவோடு ஜெபித்தார். அப்போது பள்ளியில் இருந்தவர்களோ ஐம்பதுக்கும் குறைவு.

1896ஆம் ஆண்டு மத்திய மாகாணங்களில் கொடும்பஞ்சம் தோன்றியது. செய்தியைக் கேட்டதும் ரமாபாய் உடனே எழுந்துவிடவில்லை. பணமில்லை, இடமில்லை என்று தயங்கினார். ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன் பசியால் மடிந்த தாய் தந்தையரின் முகங்கள் அவரை உறங்க விடவில்லை. பசித்த இளம்பெண்களுக்கு எத்தகைய கண்ணிகள் வைக்கப்படும் என்பதையும் அவர் நன்கறிவார். புறப்பட்டுச் சென்று, எலும்புக்கூடாக நின்ற சிறுமியரையும் விதவையரையும் கூட்டங்கூட்டமாகச் சேர்த்துக்கொண்டு திரும்பினார். ஏறத்தாழ 300 பேர் வந்தனர். தலைமேல் பாடை சுமந்த சிறுமியின் துயரத்தைத் தேவன் வீணாக்கவில்லை. அத்துயரமே மற்றவர்களுக்கு அடைக்கலமாயிற்று.

புனேயில் அப்போது பிளேக் நோய் பரவியிருந்தது. புதிதாக ஆட்களைச் சேர்க்க அதிகாரிகள் தடை விதித்தனர். நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கேட்காவ் என்னும் இடத்தில் பழத்தோட்டம் போடுவதற்காக வாங்கிய நிலம் இருந்தது. பெண்களைக் கூடாரங்களில் அங்கே குடியமர்த்தினார். தடையாக வந்ததே வாசலாயிற்று. அவ்விடத்திற்கு முக்தி என்று பெயரிட்டார். விடுதலை என்பது அதன் பொருள். 1900ஆம் ஆண்டின் குஜராத் பஞ்சத்திற்குப்பின் அங்கிருந்தோர் தொகை ஏறத்தாழ 2,000 ஆக உயர்ந்தது.

முக்தியில் எவரும் சோம்பியிருக்கவில்லை. கிணறுகள் வெட்டப்பட்டன, வயல்கள் உழப்பட்டன. நெசவு, எண்ணெய்ச் செக்கு, பால் பண்ணை, அச்சுக்கூடம் என்று பெண்கள் பல தொழில்களைக் கற்றனர். பார்வையற்றோர் பிரெய்ல் எழுத்தைத் தடவி வாசிக்கக் கற்றனர். கெட்டுப்போனவர்கள் என்று தள்ளப்பட்ட பெண்களுக்காகக் கிருபா சதனம் எழுந்தது. ஃபுல்ஹாமில் கண்ட அன்பு இந்திய மண்ணில் வேரூன்றியது. விறகு ஒடிக்கவும் கூலிவேலை செய்யவும் குலப்பெருமை தடுத்து மடிந்த குடும்பத்தின் மகள், உழைப்பை ஆராதனையாகக் கருதும் ஒரு சமுதாயத்தையே உருவாக்கினார்.

1905: எழுப்புதலின் அக்கினி

இத்தனை பேருக்கும் உணவும் உடையும் கல்வியும் கிடைத்தன. ரமாபாய்க்கோ அது போதவில்லை. அவர்களில் பலர் கிறிஸ்தவப் பெயரைத் தரித்திருந்தும் உள்ளத்தில் மாற்றமின்றி இருப்பதை அவர் கண்டார். எட்டு ஆண்டுகள் அந்நிலையில் வாழ்ந்தவராதலால் அதன் ஆபத்து அவருக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் ஏற்பட்ட எழுப்புதலைக் குறித்துக் கேள்வியுற்று, மகள் மனோரமாவையும் உடன் ஊழியர் மின்னி ஆபிரகாம்ஸையும் 1903ஆம் ஆண்டு அங்கே அனுப்பி, ஜெபக்குழுக்களின் முறையை அறிந்துவரச் செய்தார். 1904ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் எழுந்த எழுப்புதலின் செய்தி அவருடைய தாகத்தை மேலும் தூண்டியது.

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காக நாள்தோறும் கூடி ஜெபிக்க விருப்பமுள்ளோர் யார் என்று கேட்டார். எழுபது பேர் முன்வந்தனர். ஜூன் மாதத்திற்குள் அத்தொகை 550 ஆயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், ஜூன் 29ஆம் தேதி இரவில் விடுதியிலிருந்த பெண்ணொருத்தி ஆவியானவரின் வல்லமையால் அசைக்கப்பட்டாள். அவளைச் சூழ்ந்து அக்கினியைக் கண்டதாக நினைத்த மற்றொருத்தி அணைப்பதற்குத் தண்ணீர் எடுக்க ஓடினாள் என்று அக்காலத்துப் பதிவுகள் கூறுகின்றன. மறுநாள் ரமாபாய் யோவான் 8ஆம் அதிகாரத்தைப் போதித்துக்கொண்டிருக்கையில் பெண்கள் தங்கள் பாவங்களை உணர்ந்து கதறத் தொடங்கினர். பள்ளியும் தொழிற்கூடங்களும் நின்றுபோக, ஜெபம் மணிக்கணக்கில் தொடர்ந்தது. திருடிய பொருள்கள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பகைத்தவர்கள் ஒருவரையொருவர் மன்னித்தனர்.

ஒரே நேரத்தில் எல்லோரும் உரத்த குரலில் ஜெபிப்பதும் கண்ணீர் வடிப்பதும் மேல்நாட்டார் சிலருக்கு ஒழுங்கீனமாகத் தோன்றின. ரமாபாய் அப்பெண்களின் பக்கமே நின்றார். இந்திய மக்கள் தங்களுக்கு இயல்பான முறையில் தேவனைத் தேடட்டும். மேல்நாட்டு அளவுகோலால் அவர்களை அளக்க வேண்டா என்பது அவருடைய நிலை. அதேசமயம் அசாதாரண அனுபவங்களையே ஆவியானவரின் ஒரே அடையாளமாகக் கொள்ளவும் அவர் இசையவில்லை. அன்பும் பரிசுத்தமும் ஊழிய வாஞ்சையும் கனியாக வெளிப்படுகின்றனவா என்பதையே நோக்கினார். அக்கனி வெளிப்பட்டது. பஞ்சத்தில் பொறுக்கியெடுக்கப்பட்ட பெண்கள், ஜெபக்குழுக்களாகப் பிரிந்து சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று நற்செய்தி அறிவித்தனர்.

பண்டிதை தம் பாண்டித்தியத்தைத் துறந்தது

கடைசியாக ஒரு மாற்றம் எஞ்சியிருந்தது. வழக்கிலிருந்த மராத்தி வேதாகமத்தின் கடினமான சமஸ்கிருதச் சொற்கள் படிப்பறிவு குன்றிய பெண்களுக்கு எட்டவில்லை என்பதை அவர் அறிந்தார். சமஸ்கிருத வேதாகமம் தமக்கே விளங்காதிருந்த கல்கத்தா நாட்களை அவர் மறந்திருக்க இயலாது. எளிய மராத்தியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்க்கத் துணிந்தார். அதற்காக நடுவயதில் எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் கற்றார். 18,000 சுலோகங்களை நாவில் வைத்திருந்த பண்டிதை, அழகிய சமஸ்கிருதச் சொற்களை ஒவ்வொன்றாக நீக்கி, வயலிலும் சமையற்கட்டிலும் வழங்கும் சொற்களைத் தேடினார். எந்தக் கல்வி அவருக்குப் புகழ் தந்ததோ, அதையே எளியவர்களுக்காக ஒதுக்கிவைத்தார். ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் அப்பணி நீடித்தது. எழுத்துக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்தியின் பெண்களே.

தமக்குப்பின் ஊழியத்தை நடத்துவாள் என்று எதிர்பார்த்த ஒரே மகள் மனோரமா, 1921 ஜூலையில் மரித்தார். செவிகள் கேளாமல், உடல் தளர்ந்து, தாய் தனித்திருந்தார். ஆயினும் மொழிபெயர்ப்பு நின்றுவிடவில்லை. இறுதி நாட்கள் வரை அச்சுப்பிரதிகளைத் திருத்தினார். வேலையை முடித்து, 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி உறக்கத்திலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருக்கு 64 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன. முழு வேதாகமம் 1924ஆம் ஆண்டு வெளிவந்தது. 1989ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது. கேட்காவில் முக்தி மிஷன் இன்றும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அடைக்கலமாக விளங்குகிறது.

அவ்வாழ்வு விடுக்கும் அழைப்பு

மனம் புதிதாகிறதினால் மறுரூபமாக வேண்டும் என்று அப்போஸ்தலனாகிய பவுல் ரோமாபுரி விசுவாசிகளுக்கு அறிவுறுத்துகிறார். அது ஞானஸ்நானத்தோடு முடிந்துவிடும் காரியமன்று என்பதற்கு ரமாபாய் அம்மையாரின் வாழ்வு சாட்சி. முன்னோரின் வழியை விட்டபோது ஒரு மாற்றம். தம் நற்செயல்களை நம்புவதை விட்டபோது வேறொரு மாற்றம். மனிதரின் ஆதரவை விட்டு தேவனைச் சார்ந்தபோது மற்றொன்று. தம் பாண்டித்தியத்தையே எளியோருக்காகத் துறந்தபோது இன்னுமொன்று. எந்தப் படியிலும் அவர் வந்துசேர்ந்துவிட்டதாக எண்ணி அமரவில்லை.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, ஆலயத்தில் வளர்ந்து, ஊழியங்களைத் தாங்கும் விசுவாசிக்கு 1891ஆம் ஆண்டின் ரமாபாய் ஒரு கண்ணாடி. மிஷன் பணிக்குக் காணிக்கை அனுப்புவதும், ஜெபக்குழுவில் பெயர் கொடுப்பதும், கூட்டங்களில் பொறுப்பேற்பதும் நல்லவையே. அவற்றுக்குள் கிறிஸ்து இருக்கிறாரா என்பதே கேள்வி. பணித்தளங்களில் எழுப்புதலை வாஞ்சிக்கும் ஒவ்வொரு ஜெபவீரருக்கும் முக்தியின் வரலாறு வழிகாட்டுகிறது. எழுபது பேரின் முழங்கால்களில் தொடங்கியது அவ்வெழுப்புதல்; அதற்கு முன்போ, ஒரே ஒரு பெண்மணி தம் வெறுமையை மறைக்காமல் ஒப்புக்கொண்டதில் அது தொடங்கியிருந்தது. அவ்விதமாய் ஒப்புக்கொடுக்கும் இருதயத்தைத் தேவன் இன்றும் புதிதாக்குகிறார்.